மனுசனைப் பக்கத்தில வச்சுக்கொண்டு கேட்டா ஆர் உண்மை சொல்லுவினம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கொஞ்ச நாளைக்கு முன்னம் பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஆஸ்பத்திரிக்குப் போனனான். குரல் அடைச்சு சாப்பாடும் விழுங்க ஏலாம இருந்தவ, கழுத்தில சின்னச் சிவப்பு மட்டும்தான். மனுசனும் மோட்டச்சைக்கிள்ள பின்னாலேயே வந்து கிளினிக் கொப்பியையும் தானே பிடிச்சுக்கொண்டு நிண்டார். டொக்டர் நிமிந்தும் பாக்காம "என்ன நடந்தது" எண்டார், பின்னால ஒரு பெரிய லைன், அவ மனுசன்ர முகத்தைப் பாத்திட்டு "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" எண்டா. பனடோல் தந்து விட்டாச்சு.

கழுத்தை நெரிச்சா வெளியில காயம் தெரியாமலே உள்ளுக்க வீங்குமாம், மூச்சுத் திணறல் பிந்தியும் வருமாம், இதை எனக்குச் சொன்னது ஒரு மிட்வைப் மிஸ். வழுக்கி விழுந்தா குரல் ஏன் அடைக்குது எண்டு அந்த டொக்டர் ஒருக்கா யோசிச்சிருக்கலாம். பாலியல் பலாத்காரம் எண்டா இன்னும் அவசரம், எச்ஐவி தொத்தாம இருக்கக் குடுக்கிற மருந்தை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கோணும்.

2019 இல அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில அஞ்சு பொம்பிளையளில ஒராள் துணையிட்ட அடியோ பாலியல் கொடுமையோ பட்டவ எண்டு வந்தது, அப்ப அந்த லைன்லயே எத்தினை பேர் நிண்டிருப்பினம்! பெரிய ஆஸ்பத்திரியளில நட்பு நிலையம் எண்டு இதுக்கெண்டே ஒரு இடம் இருக்கு, நல்ல விசயம், ஆனா ஓபீடியில கேக்காட்டி அங்க ஆர் அனுப்பிறது? போட் மாட்டின அறைக்குள்ள போறதை ஊராள் ஒராள் கண்டா பின்னேரத்துக்குள்ள சந்தி முழுக்கத் தெரியும், வன்னியில அட்டென்டனும் ஏதோ ஒரு வழியில சொந்தக்காரர்தானே.

நான் புதுக் கட்டிடம் கேக்கேல்லை. "நீங்க வெளியில இருங்கோ, இவவை செக் பண்ணோணும்" எண்டு மனுசனை அனுப்பிப்போட்டு கதவுள்ள அறையில தனியக் கேளுங்கோ, திரைச்சீலை காணாது, சத்தம் கேக்கும். சொல்லாட்டி நெருக்க வேண்டாம், 1938 எண்ட பெண்கள் உதவி நம்பரை வாயால சொல்லி விடுங்கோ, துண்டில எழுதிக் குடுத்தா வீட்டில பிடிபடும்.

சொன்னாப் பொலிஸ் மனுசனை ஏத்திக்கொண்டு போயிடும், பிறகு கூலிக்காசு ஆர் கொண்டாறது எண்ட பயமும் இருக்கு. 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் கோட்டில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், அது மனுசனை மறியலில போடுறதுக்கில்லை, அவவில கை வைக்காமத் தடுக்கிறதுக்கு. ஆனா நாளைக்கு அவ அங்க போய் நிண்டாலும் கிளினிக் கொப்பியில "விழுந்தது" எண்டுதான் எழுதிக் கிடக்கு.

இப்படிக்கு
வன்னியிலயிருந்து ஒரு வாசகி