பறக்காத விமானத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்: நீலகிரி அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். பல்பு எரிந்தால், மோட்டார் சுற்றினால்தான் பரிசு என்கிற வழக்கத்தை இந்த ஆண்டாவது விட்டுவிடுங்கள். அளந்து கண்டுபிடித்த பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

ஒரு கண்காட்சியில் என் மாணவிகள் இருவர் களிமண்ணில் இரண்டு விமானங்கள் செய்து வைத்திருந்தார்கள். "இது பறக்குமா?" என்று கேட்டார் நடுவர். பறக்காது என்றதும் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை. விஷயமே அதில்தான் இருந்தது: ஒலியின் வேகத்தை எட்டும் விமானத்துக்கு உடலின் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பது.

விமானம் வருகிறது என்ற செய்தி முன்னாலிருக்கும் காற்றுக்கு ஒலியின் வேகத்தில்தான் போய்ச் சேரும். விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில் வந்தால், காற்று ஒதுங்க நேரமில்லாமல் நெருக்குண்டு அதிர்ச்சி அலை உண்டாகிறது. விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, அதாவது இழுவை, மளமளவென்று ஏறுகிறது. அமெரிக்காவின் கான்வேர் நிறுவனம் செய்த ஒய்எஃப்-102 போர்விமானம், கூர்மூக்கும் முக்கோண இறக்கையும் இருந்தும், 1953இல் நேர்மட்டமாகப் பறந்து ஒலியைத் தாண்ட முடியாமல் நின்றது. அந்நாட்டின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் பொறியாளர் ரிச்சர்ட் விட்கோம்ப் காரணத்தை ஏற்கெனவே பிடித்திருந்தார். இறக்கை வேறு, உடல் வேறு என்று பார்க்கக் கூடாது. மூக்கிலிருந்து வால்வரை எங்கே குறுக்கே வெட்டினாலும் கிடைக்கும் மொத்தப் பரப்பு, சீராகக் கூடிச் சீராகக் குறைய வேண்டும். இறக்கை வரும் இடத்தில் பரப்பு கூடுகிறதா, அங்கே உடலை ஒடுக்க வேண்டும். அப்படி இடுப்பை ஒடுக்கி, நீளத்தையும் கூட்டி மறுபடி செய்த விமானம் 1954 டிசம்பரில் ஒலியை முந்தியது. 1961இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் மாருத் போர்விமானத்துக்கும் அந்த இடுப்பு உண்டு.

சரி, மாதிரிமீது காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இல்லாத மலைப் பள்ளியில் இதை எப்படிப் பார்ப்பது? மூக்கு வைத்த பாத்திரத்தில் வழியும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, விமானத்தை மூக்கு கீழே இருக்கும்படி செங்குத்தாக ஒவ்வொரு சென்டிமீட்டராக இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் வழிந்த தண்ணீரை அளவுசாடியில் பிடித்தார்கள். எத்தனை மில்லிலிட்டரோ, அத்தனை சதுர சென்டிமீட்டர்தான் அந்த இடத்துக் குறுக்குப் பரப்பு. நேர் உடல் கொண்ட விமானத்தில் இறக்கை நனைந்ததும் தண்ணீர் அதிகமாக வழிந்து, வரைபடக் கோட்டில் ஒரு திமில் எழுந்தது. இடுப்பு ஒடுங்கியதில் திமில் அடங்கியிருந்தது. களிமண் கரையாமலிருக்க மெழுகு பூசியது அவர்கள் யோசனைதான். ஊட்டி கேரட்டைச் செதுக்கினால் அந்தத் தொல்லையும் இல்லை. இது இழுவையை அளக்கவில்லை, இழுவையைக் கூட்டும் வடிவத்தைத்தான் அளக்கிறது என்றும் அட்டையில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த நேர்மைக்கே தனி மதிப்பெண் தரலாம்.

மஞ்சூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பிள்ளைகள் மாதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறார்கள். மதிப்பெண் தாளில் அளவீட்டுக்கென்று ஒரு கட்டம் சேருங்கள். மேசையில் தண்ணீர் வைக்க அனுமதியுங்கள். அப்புறம், "இது ஓடுமா?" என்பதற்கு முன்னால் "என்ன அளந்தாய்?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
குன்னூர் இயற்பியல் ஆசிரியர்