ஆப் வாங்கினால் பணம் திரும்புமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காசு கொடுத்து வாங்கிய ஆப் ஒழுங்காக ஓடவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கூகுள் ஸ்டோரில் முதலில் 24 மணி நேர அவகாசம் இருந்தது. 2010 டிசம்பரில் அதை 15 நிமிடமாகக் குறைத்தார்கள். பெரிய விளையாட்டு ஒன்று டவுன்லோடு ஆகவே அது போதாது! 2014-இல் 2 மணி நேரமானது. அது கடந்தாலும் 48 மணி நேரம் வரை கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். அப்புறம் ஆப்பை உருவாக்கியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆப்பிளில் காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. ஆப்புகளை வெளியிடும் முன் ஆட்களை வைத்துச் சோதிப்பதில் ஆப்பிள்தான் முந்தியது, சரி. கூகுள் 2015-இல்தான் அதை அறிவித்தது. ஆனாலும் சோதனையில் தேறிய ஆப் நமக்குப் பயன்படும் என்று உறுதியில்லையே.

வாங்கும் முன் பயன்படுத்திப் பார்க்கும் 'டிரயல்' வசதி விண்டோஸ் போனில் இருந்தது. மிக நல்ல ஏற்பாடு.

பிள்ளைகள் ஆப்புக்குள் வாங்கியவற்றுக்காக, 2014-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆப்பிளைக் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுளை 1.9 கோடி டாலரும் திருப்பித் தர வைத்தது. நம் நாட்டிலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, திரும்பப் பெறும் கெடுவைத் தமிழில் காட்டும்படி மத்திய அரசு உத்தரவிட வேண்டும்.

– வாசகர், திருநெல்வேலி