இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஷெஃபீல்டிலிருந்து சாட்ஸ்வொர்த் மாளிகையைக் காணப் போவதாக எழுதியிருந்தாய். கூடங்களையும் ஓவியங்களையும் நிதானமாகப் பார். ஆனாலும் அந்த இடத்தைத் தண்ணீரையும் தோட்டக்காரரையும் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது, வாழை வைத்துப் பிழைத்த என் கருத்து.

1549இல் சர் வில்லியம் காவெண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் 600 பவுண்டுக்கு வாங்கிய நிலம் அது. இன்றுள்ள மாளிகை, அவர்கள் வழிவந்த முதலாம் டெவன்ஷயர் டியூக் 1687இல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டியது. பின்னர் வந்தவர்கள், மாளிகையிலிருந்து தெரியும் காட்சிக்கு இடைஞ்சல் என்று ஈடன்சர் கிராமத்தின் வீடுகளை அகற்றி, வேறிடத்தில் ஊரை அமைத்தார்கள். பிரபுக்களின் ரசனைக்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் குடியானவர்கள்தாம்.

1826இல், விவசாயி மகனான ஜோசப் பாக்ஸ்டன், 22 வயதிலேயே ஆறாம் டியூக்கின் தலைமைத் தோட்டக்காரரானார். ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் வருவார் என்று நம்பி, 1844இல் பாக்ஸ்டன் மேட்டுநிலத்தில் ஓர் ஏரியை வெட்டி, அங்கிருந்து குழாய் வழியே தண்ணீரை இறக்கி ஒரு நீரூற்றை அமைத்தார். எந்த இயந்திரமும் இல்லாமல், மேட்டிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தாலேயே அது 90 மீட்டர் உயரம் வரை பீறிட்டதாகப் பதிவு உண்டு. பேரரசர் வரவே இல்லை.

அதற்கு முன்பே பாக்ஸ்டன் 84 மீட்டர் நீளத்தில் ஒரு மாபெரும் கண்ணாடி வீட்டையும் எழுப்பியிருந்தார். அதைச் சூடாக வைத்திருக்க ஏராளமான நிலக்கரி வேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் அது கிடைக்காமல் போகவே செடிகள் மடிந்தன, 1920இல் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது செடிவேலிகளாலான புதிர்ப்பாதை.

மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த குட்டை வாழையை 1830களில் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த்தில் வளர்த்துத் தார் போட வைத்தார். அதற்குக் காவெண்டிஷ் குடும்பத்தின் பெயரே நிலைத்தது. தேனிப் பக்கம் நாம் நடும் ஜி9 வாழை, அந்தத் தோட்டத்திலிருந்து நேராக வந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அதே காவெண்டிஷ் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

1950இல் பத்தாம் டியூக் இறந்தபோது சொத்தின் மீது 80 சதவீத மரண வரி விழுந்தது. நிலங்களையும் ஓவியங்களையும், குடும்பத்தின் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக்கையுமே விட்டுக்கொடுத்துத்தான் குடும்பம் சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்றிக்கொண்டது. 1981 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது.

காலையிலேயே போய்விட்டால், முதலில் மாளிகைக்குப் பின்னுள்ள காட்டின் மேட்டில் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கு.

அன்புடன்,
அப்பா