சேகருக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். நம் பள்ளிக்குப் பின்னால் இருந்த பால்மரங்கள் போய், இப்போது ரோட்டோரம் வரை செம்பனைதான்.

புது லினக்ஸ் சர்வரில் எல்லாருக்கும் பொதுவான அமைப்புகளை, லாகின் ஆகும்போது படிக்கப்படும் /இடிசி/புரொஃபைல் (/etc/profile) கோப்பிலேயே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது சிஸ்டத்தோடு வந்த கோப்பு; அப்கிரேடு வரும்போது உன் திருத்தமும் அவர்களுடைய புதுப் பிரதியும் மோதிக்கொள்ளும். பக்கத்திலேயே /இடிசி/புரொஃபைல்.டி என்று ஓர் அடைவு இருக்கிறது. பிராக்சிக்கு ஒரு கோப்பு, ஜாவா பாதைக்கு ஒரு கோப்பு என்று அதில் தனித்தனியாக வை. பெயர் .எஸ்எச் (.sh) என்று முடிய வேண்டும், இல்லையென்றால் ஷெல், அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல், அதைத் தொடாது. பெயர் வரிசையில்தான் படிக்கும். அதனால் நான் முன்னால் 10, 50 என்று எண் போட்டுவிடுவேன்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். போன வருடம் செம்பனை ஆலையின் தராசு சர்வரில், டெபியன் லினக்ஸ் அது, ரசீது பிரிண்டருக்காக ஒரு கோப்பு எழுதினேன். பிரிண்டர் பட்டியல் இல்லையென்றால் ‘எக்சிட்’ (வெளியேறு) என்று ஒரு வரி. அந்தக் கோப்பு மட்டும் அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஆனால் புரொஃபைல்.டி கோப்புகள் தனியாக ஓடுவதில்லை. லாகின் ஷெல்லே அவற்றைத் தனக்குள் படித்துக்கொள்கிறது. எக்சிட் வந்தால் ஷெல்லே முடிந்துவிடும்.

காலையில் கிராணி (எழுத்தர்) பாஸ்வேர்டு போடுகிறார், ஏற்கிறது, உடனே வெளியே தள்ளுகிறது. நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கும் அதே கதி. வெளியே குலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கடைசியில், வேறு கணினியிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்ளே நுழையப் பார்க்காமல், கோப்பின் பெயரை மாற்றும் கட்டளையையும் அதே வரியில் சேர்த்து அனுப்பினேன். அப்படி அனுப்பும்போது லாகின் ஷெல் வராது, புரொஃபைலும் படிக்கப்படாது. பெயரின் முடிவில் .ஆஃப் என்று ஒட்டியதும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இப்போது எக்சிட் எழுதுவதே இல்லை. ‘ரிட்டர்ன்’, அல்லது எல்லாவற்றையும் ஓர் ‘இஃப்’புக்குள் வைத்துவிடுகிறேன். கோப்பின் அனுமதி 644 (எல்லாரும் படிக்கலாம்) போதும், எக்சிகியூட் தேவையில்லை. 600 (உரிமையாளர் மட்டும்) என்று விட்டால் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். பாஷ் என்ற ஷெல்லுக்கு மட்டுமே புரியும் எழுத்தும் வேண்டாம், டாஷ் என்ற இன்னொரு ஷெல்லும் இதைத்தான் படிக்கும்.

அப்புறம், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான். புரொஃபைல் என்பது நம் தோட்டத்துப் பெரட்டு (காலை ஆள்கணக்கு) மாதிரி. லாகின் வழியாக வருகிறவனுக்குத்தான் பேர் கூப்பிடுவார்கள். கிரான் வேலை பெரட்டுக்கு வராமல் நேரே வெளிக்காட்டுக்குப் போகிற ஆள். அதற்கு வேண்டியதை அந்த ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடு. ஏலியாஸ்களை (கட்டளைகளுக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்களை) டெபியனில் /இடிசி/பாஷ்.பாஷ்ஆர்சி கோப்பில் போடு.

எதை மாற்றினாலும் ஒரு ரூட் ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு, இன்னொன்றில் லாகின் செய்து பார். சரி, தீபாவளிக்கு வருகிறாய்தானே? லேப்டாப்பையும் எடுத்து வா, உன் கோப்புகளை உட்கார்ந்து பார்த்துவிடலாம். அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணியம்