நிபா தொடர்பில் இருந்தவரை 21 நாள் முடியாமல் ஏற்றிவிடாதீர்கள்: கூடலூர், பந்தலூர் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மலப்புறத்திலோ கோழிக்கோட்டிலோ நிபா வைரஸ் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால் நாடுகாணி, பாட்டவயல், சோலாடி, தாளூர் சோதனைச்சாவடிகளில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுவார்கள். அதே வாரம் உங்கள் கடையிலும் ஒருவர் வந்து நிற்பார். "சொந்தக்காரருக்குத் துணையா ஆஸ்பத்திரியில இருந்தேன். காண்டாக்ட் லிஸ்ட்ல என் பேரும் இருக்காம். எனக்கு ஒண்ணும் இல்லை. வியாழக்கிழமை கரிப்பூர்ல ஃப்ளைட்" என்பார். "ஒரு டோலோ போட்டுட்டு ஏறிடுங்க" என்ற பதில் நம் பக்கம் மிகச் சுலபமாக வாயில் வருகிறது. அந்தப் பதிலை நிறுத்தச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

அந்தக் கருவி பார்ப்பது தோலின் சூட்டை மட்டும். மாத்திரை போட்டால் சூடு சில மணி நேரம் இறங்கும், வைரஸ் இறங்காது. காய்ச்சலே தொடங்காதவரிடம் கருவிக்குப் பிடிபட ஒன்றுமே இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். மனிதரிடமிருந்து மனிதருக்கு நிபா பரவியதெல்லாம் அறிகுறி வந்தவர்களிடமிருந்துதான். ஆகவே அந்த நாலு மணி நேர விமானப் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆபத்து வளைகுடாவில் இறங்கிய பிறகு, தொழிலாளர் கேம்பில், கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறையில். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தால் அங்குள்ள மருத்துவர் ஃப்ளூ என்றுதான் நினைப்பார். 2018-ல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் முதல் நிபா நோயாளி என்ன நோய் என்று தெரியாமலே இறந்தார். பிறகு தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஒட்டியது. மொத்தம் 17 பேர் போனார்கள். தடுப்பூசி கிடையாது. பிடித்தவர்களில் 100-க்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள்.

நாள் கணக்கில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. கண்காணிப்பின் 21 நாளை, சுகாதார ஆய்வாளர் போன் செய்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. நோயாளியோடு கடைசியாக இருந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். செப்டம்பர் 3 மாலை கடைசியாகப் பார்த்தார் என்றால் 24 இரவோடு 21 நாள் முடியும். டிக்கெட் 25 முதல். நோய் பெரும்பாலும் 4 முதல் 14 நாளுக்குள் தலைகாட்டும், அதற்கு மேல் ஒரு வாரம் காப்புக்காக. அரிதாக 45 நாள் வரை போனதும் உண்டு என்பதால், போன பிறகும் காய்ச்சல் வந்தால் முதல் வார்த்தையாக நிபா தொடர்பைச் சொல்லச் சொல்லுங்கள். "டெஸ்ட் நெகட்டிவ்" என்று தாள் காட்டுவார்கள். அறிகுறி வருமுன் எடுத்த டெஸ்ட் எதையும் முடிவு செய்யாது. லிஸ்டில் பேர் இல்லை என்பவரிடமும், நோயாளி எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று கேரள சுகாதாரத் துறை வெளியிடும் ரூட் மேப்பை எடுத்து, அந்த நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் இருந்தாரா என்று கேளுங்கள்.

காரும் நீங்கள்தானே ஏற்பாடு செய்கிறீர்கள்? நாடுகாணி சுரத்தின் வளைவுகளில் வாந்தி வருவது நமக்குப் புதிதல்ல, டிரைவர் துணியால் துடைத்துவிட்டு ஓட்டுவார். ஆனால் நிபாவுக்கும் காய்ச்சல், தலைவலி, வாந்திதான் தொடக்கம். காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் வண்டியில் ஏற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, "நிபா தொடர்பில் இருந்தவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் கவசம் போட்டுக்கொண்டு வருவார்கள்.

2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து ஒருவர், எபோலா நோயாளியைப் பராமரித்ததை மறைத்து, லாகோஸுக்குப் பறந்தார். விமான நிலையத்திலேயே சுருண்டு விழுந்தார். அவரை டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். டாக்டர் அமேயோ அடடேவோ மறுத்துவிட்டார். நைஜீரியாவில் 20 பேரோடு நோய் நின்றது. இறந்த 8 பேரில் அந்த டாக்டரும் ஒருவர். உங்களிடம் உயிரைக் கேட்கவில்லை, ஒரு தேதியை மாற்றத்தான் கேட்கிறோம்.

சட்டமும் இருக்கிறது, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 271 முதல் 273 வரை. ஆனால் மிரட்டினால் ஆள் லிஸ்டிலிருந்தே ஒளிவார் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

அவருக்கு உண்மையான பயம் வேலை. அதனால் முதலில் விசா தேதியைப் பாருங்கள். அமீரகத்தில் குடியிருப்பு விசா உள்ளவருக்கு, வெளியே ஆறு மாதம் தாண்டினால்தான் பொதுவாகச் சிக்கல். மூன்று வாரத்தில் விசா போகாது. புது விசா என்றால் நுழைவுக் கெடு குறைவு, அன்றைக்கே கம்பெனியிடம் பேசுங்கள். மருத்துவ அலுவலரிடம் கண்காணிப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் போட்டு, ஆங்கிலத்தில், முத்திரையோடு கடிதம் வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். தேதி மாற்ற விமானக் கம்பெனி கேட்பதை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் சர்வீஸ் சார்ஜை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடிதம் எழுதித் தர எந்த அலுவலராவது மறுத்தால் ஆளை எங்களிடம் அனுப்புங்கள். அந்தச் சண்டையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர் வட்டாரப் பொது சுகாதாரப் பணியாளர்கள் சிலர்