மனைப் பத்திரத்தில் மட்டத்தையும் எழுதுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் பதிவுத்துறைக்கும் வணக்கம்.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று மின்சார ரயில் பாதையை ஒட்டி மனை தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதைத்தான். அடுத்து தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, லேஅவுட் ஒப்புதல் எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண். எல்லாம் சரியாக இருந்தால் வங்கி கடன் தருகிறது, வீடு எழும்புகிறது. கார்த்திகையில் வாசலைத் தாண்டித் தண்ணீர் வருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நீங்கள் அறிவீர்கள். இத்தனை காகிதங்களில் ஒன்றுகூட மனை எவ்வளவு தாழ்வில் கிடக்கிறது என்று வாங்குபவரிடம் சொல்வதில்லை.

படிக்கத் தெரிந்தவருக்குப் பழைய ஆவணங்கள் ஓரளவு சொல்லும். பட்டாவில் 'நஞ்சை' என்றிருந்தால், இந்த வட்டாரத்தில் அது பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகவே வந்து பாயும் அளவுக்குத் தாழ்ந்த நிலம் என்று அர்த்தம். மனை போட்ட பிறகு மதகு திறக்காமலே கிடக்கலாம். ஆனால் ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் பழைய தடத்தில்தான் இறங்கும். புல வரைபடத்தில் ஓடும் வாய்க்கால், மனைப்பிரிவின் மதிலோடு முடிந்துபோயிருந்தால் அந்தத் தண்ணீர் தெருவில்தான் நிற்கும்.

தண்ணீர் தேங்கக்கூடிய இடமென்றால், ஒப்புதலுக்கு முன் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்கிறீர்கள். நிலத்தைக் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் வரை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் வருகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த எண் கோப்போடு தங்கிவிடுகிறது. மனை விற்றவர் சாலைக்கு மட்டும் கிராவல் கொட்டிவிட்டுப் போகிறார். மிச்சச் செலவு வாங்கியவர் தலையில்.

அது எவ்வளவு என்று பாருங்கள். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையை 3 அடி உயர்த்த 3,600 கன அடி மண், யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 36 யூனிட். கெட்டித்தால் அமுங்கும் என்பதால் 43 முதல் 45 யூனிட் வரை வாங்க வேண்டும். 3 யூனிட் டிப்பரில் 15 லோடு. அதையும் முக்கால் அடிக்கு ஓர் அடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். இடித்த கட்டடக் குப்பையையோ ஏரிக் களிமண்ணையோ ஒரே மூச்சில் நிரப்பினால் இரண்டு மழைக்காலத்தில் தரை இறங்கி டைல்ஸ் பிளக்கும். ஒருவர் உயர்த்தியதும் பக்கத்து மனை குளமாகிவிடுகிறது. உள்ளாட்சியோ பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை, இரண்டு அங்குலம் ஏறுகிறது. வெள்ளம் நிற்கும்போது செப்டிக் டேங்கும் நிரம்பி, கழிவு கீழ்த்தள கழிப்பறை வழியாக மேலே வருகிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெருந்துன்பம்.

மனை சாலையைவிட எவ்வளவு தாழ்வு என்று அளப்பது பத்து நிமிட வேலைதான்: ஒரு கொத்தனார், ஒளி ஊடுருவும் குழாய், அதில் குமிழி இல்லாமல் கொஞ்சம் தண்ணீர். ஒரு முனையைச் சாலையின் நடுமுதுகிலும் மறுமுனையை மனையின் நடுவிலும் பிடித்தால் மனை எத்தனை அங்குலம் தாழ்வு என்பது தெரிந்துவிடும். ஆனால் சாலை எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழாய் சொல்லாது. அந்த எண் உங்கள் கோப்பில் இருக்கிறது.

எனவே நீர்வளத்துறை சொன்ன மட்டத்தை ஒப்புதல் வரைபடத்தின் முதல் தாளில் அச்சிடுங்கள். மனைப்பிரிவின் நுழைவில் அதே எண்ணைக் கல்லில் பொறித்து நடச் செய்யுங்கள். உயர்த்தியதை அளந்து சரிபார்க்காமல் இறுதி ஒப்புதல் தராதீர்கள். பதிவுத்துறை, கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கெல்லைக்குக் கீழே மட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
புறநகரில் மனை அளக்கும், வீட்டு வரைபடம் போடும் பொறியாளர்கள்