பெட்டியிலிருக்கும் வீணையை எடுக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீணையைத் திரும்ப எடுக்கலாமா, வெறும் பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா, இல்லை எலெக்ட்ரானிக் வீணை ஒன்று வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். புதிதாக எதுவும் வாங்காதே. டொரன்டோ வரைக்கும் தூக்கிப் போன வீணையே போதும். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் வைத்திருந்த அதே சுருதியில், அதே சம்மணத்தில் வாசித்துவிடலாம் என்று உட்காராதே. பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. சுருதியும் இருக்கையும் கம்பியின் இறுக்கமும்தான் உன் வயசுக்கு இறங்கி வரவேண்டும். இதைச் செய்யாமல் உட்காருகிறவர்கள் ஒரு மாதத்தில் தோள் வலி, விரல் வலி என்று வீணையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பிறகு குற்றம் வயசின் மேல் போய்விடும்.

முதலில் பெட்டி. குளிர்காலத்தில் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே கொண்டுவந்தால் ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறையில் கிடக்கட்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். பலா மரம் அதில் சுருங்கும். கம்பியை முறுக்கும் பிரடைகள் துளையில் தளர்ந்து வழுக்கும். உன்னுடையது துண்டுகளை ஒட்டிச் செய்த ஒட்டு வீணை, அதனால் உருண்டைக் குடமும் நீளத் தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழை விட்டிருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார். (ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையாக இருந்தால் மரத்தின் நார் ஓடும் வாக்கில் வெடிக்கும், அது இன்னும் மோசம்.) ஒரு ஹியூமிடிஃபயர் வைத்து அறையை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்துக்கொள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள். பிரடை வழுக்கினால் கழற்றி, துளைக்குள் உட்காரும் பகுதியில் சாக்பீஸ் தடவி, திருகும்போதே உள்பக்கம் அழுத்தித் திருகு. எண்ணெய் மட்டும் பிரடைக்குப் போடவே கூடாது.

அடுத்தது மெட்டு, தண்டியின் மேல் கம்பியை அழுத்திப் பிடிக்கும் உலோகத் துண்டு. 24 மெட்டும் நிற்பது மெழுகில், ஆணியில் அல்ல. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகி மெட்டு சாயத் தொடங்கும். ஜூலையில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் வீணையை விட்டாலும் மேளம், அதாவது மெழுகில் மெட்டு பதித்த ஒழுங்கு, போனதுதான். குளிரில் நேர்மாறு: மெழுகு விறைத்து, சின்ன இடிக்கே மெட்டோடு சில்லாகப் பெயர்ந்து வரும்.

மேளம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல் கம்பியான சாரணியை, மெட்டில் விரல் வைக்காமல், திறந்து மீட்டி ஷட்ஜம் கேள். பிறகு 12-ஆம் மெட்டில் மேல் ஷட்ஜம், 7-ஆம் மெட்டில் பஞ்சமம். இரண்டும் தம்புராவோடு சேர வேண்டும். மேலே போகப் போக எல்லா மெட்டும் சுருதி கூடுதலாகப் பேசினால் மெட்டுகளில் தப்பு இல்லை, குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரை மெட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அதைத் தள்ளி வை. எல்லாம் குறைவாகப் பேசினால் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு மெட்டு மட்டும் அபசுரமாக இருந்தால் அது மெழுகு. பழைய கத்தி முனையைச் சூடாக்கி அந்த மெட்டின் அடி மெழுகைத் தொட்டு இளக்கி, மெட்டை இம்மி நகர்த்தி, ஆறும்வரை அசையாமல் பிடி. ஐந்தாறு மெட்டுக்கு மேல் போயிருந்தால் நீ தொடாதே. ஊருக்கு வரும்போது தஞ்சாவூர் ஆசாரியிடம் மேளம் கட்டக் கொடுத்துவிடலாம்.

சில சமயம் மெட்டு, குதிரை எதிலும் குறையே இருக்காது, அழுத்தம்தான் அதிகமாக இருக்கும். நாள்பட்டுத் திரும்ப வாசிக்கிறவர்கள் பயத்தில் கம்பியை மெட்டுக்கு நடுவில் குத்தி அழுத்துவார்கள். சுருதி கூடிவிடும், விரலும் வலிக்கும். மெட்டின் மேல் விளிம்பை ஒட்டி, நாதம் பிறக்கும் அளவுக்கு மட்டும் அழுத்து.

கம்பி ஏழையும் மாற்றிவிடு, துருவேறிய எஃகு விரலைக் கிழிக்கும். ஆனால் ஒன்றை மாற்றி முறுக்கிய பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். குதிரை பசையில் ஒட்டியிருக்கவில்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஏழையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் அது இடம் மாறிவிடும். முன்னதாகவே அதன் நான்கு மூலையிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்.

எந்தச் சுருதிக்கு முறுக்குவது என்பதை வீணையிடம் கேட்காதே, குரலிடம் கேள். மாதவிலக்கு நின்றபின் பெண்களின் குரல்நாண் கொஞ்சம் தடிக்கும், மேல் ஸ்வரங்கள் சுருங்கும், கீழே கொஞ்சம் இடம் கிடைக்கும். அது நஷ்டம் இல்லை, வீடு மாற்றிய கணக்குதான். சாயங்காலத்தில் பார், காலையில் குரல் பொய்யாகக் கனத்திருக்கும். போனில் தம்புராவைப் போட்டு அகாரத்தில் மந்திர பஞ்சமம் வரை இறங்கு, தார காந்தாரம் வரை ஏறு. கீழே காற்றாகப் போகாமலும் மேலே கழுத்து நரம்பு புடைக்காமலும் எந்தக் கட்டையில் (ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் சுருதி அளவு) வருகிறதோ அதுதான் உன் சுருதி. முன்பு நாலரைக் கட்டையில் வீணையும் பாட்டும் வைத்திருந்தாய். இப்போது மூன்றில் ஆரம்பித்துப் பார். ஒன்றரைக் கட்டை இறங்கியதாகத் தோன்றும், ஆனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாதே, ஆர்மோனியத்தில் எண்ணிப் பார்த்தால் இரண்டே ஸ்வரஸ்தானம்தான்.

அந்த இரண்டு ஸ்தானம் விரலுக்குச் செய்யும் உதவி பெரியது. கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைக்க, கம்பியை இழுக்கும்போது விரல் மூட்டுக்கு அது நன்றாகத் தெரியும். இறக்கியதும் கம்பி மெட்டில் பட்டு இரைந்தால், ஒரு கேஜ் (கம்பிப் பருமன் எண்) தடித்த கம்பி போடச் சொல்வார்கள். அவசரப்படாதே. ஒரு கேஜ் தடித்தாலே நீ குறைத்த விசை ஏறக்குறைய முழுதும் திரும்பி வந்துவிடும். முதலில் மெதுவாக மீட்டிப் பார், பாதி இரைச்சல் வலது கையின் வேகத்தால் வருவது. அதற்கும் போகாவிட்டால் அரை ஸ்தானம் ஏற்றிப் பார். கம்பியை மாற்றுவது கடைசியில்தான்.

நரம்பு கட்டும் வரிசை மறந்திருக்கலாம்: சாரணி மத்திய ஷட்ஜம், அடுத்தது கீழ்ப் பஞ்சமம், மந்தரம் அதற்கும் கீழே ஷட்ஜம், அனுமந்தரம் அதற்கும் கீழே பஞ்சமம். பக்கத் தந்திகள் மூன்றும் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். கிட்டத்தட்ட பிரடையில் கொண்டுவந்து நிறுத்தி, மிச்சத்தை லங்கரில், கம்பியின் மறுமுனையில் நுணுக்கமாகச் சுருதி சேர்க்கும் வளையத்தில், சேர். அந்த மேல் ஷட்ஜக் கம்பியான ஹெச்சு சாரணிதான் அடிக்கடி அறும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முறுக்கு.

உட்காரும் விதத்துக்கு வருகிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் தரையில் சம்மணமிட்டு, உட்காரும் எலும்புக்குக் கீழே நான்கைந்து அங்குல உயரத்துக்குக் கெட்டியாக மடித்த ஜமுக்காளம் வை. இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும், கால் மரத்துப் போவது பாதி குறையும். இல்லையென்றால் கை இல்லாத நாற்காலியில் உட்கார். பாதம் தரையில் பதிய வேண்டும், குடத்துக்கு வலப்பக்கம் அதே உயரத்தில் ஒரு ஸ்டூல், மேலே ரப்பர் விரிப்பு, தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காய் இடது தொடையில். நாற்காலியில் வாசிப்பது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் சிரித்துவிடு.

இடது தோள்தான் முக்கியம். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இந்த வயசில் தோள் இறுகிப்போவது சகஜம். தண்டி முனையில் இருக்கும் யாளி முகத்துப் பக்கத்து மெட்டுகளுக்குக் கையை நீட்டும்போது சுரீர் என்றால், அங்கே போகாமல் 7-ஆம் மெட்டுக்கு மேலேயே ஒரு மாதம் வாசி. மாயாமாளவகௌளையைச் சாரணியில் திறந்த ஷட்ஜத்திலிருந்து தொடங்கினால் 1, 4, 5, 7, 8, 11, 12 என்று மெட்டு ஓடும். அதில் 1-இலிருந்து 4-க்குப் போவதுதான் கைக்கு நீளம். விரலை விரிக்காதே, முழங்கையோடு கையை நகர்த்து.

நேரம்: காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம். சேர்த்து இருபது நிமிஷமாக வாசிக்காதே, விரல் தோல் காய்க்க இடைவெளி வேண்டும். நுனியில் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தொட்டு, முடிந்ததும் கம்பியைப் பருத்தித் துணியால் துடைத்துவிடு. உனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் சொல்கிறேன், வாசித்து முடித்ததும் விரல் நுனியைக் கண்ணால் பார். உணர்ச்சி மந்தமாக இருந்தால் கம்பி வெட்டியது வலிக்காது, புண்ணாகும். கமகத்தை ஒற்றை ஆள்காட்டி விரலால் இழுக்காதே, நடுவிரலையும் சேர்த்து இழு. மூட்டு வீங்கியிருக்கும் நாளில் இழுப்பை விட்டுவிட்டு ஜாருவாகவே, விரலை வழுக்கியபடி, நகர்த்திப் போ. ராகம் ஒன்றும் கெட்டுவிடாது. வலது கையில் நகம் உடைகிறது என்றால் விரலில் கம்பி மீட்டு மாட்டிக்கொள்.

பாட்டுக்கு முன்னால் ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவை இரண்டு விரல்கடை முக்கி, குமிழி விட்டபடியே 'ஊ' என்று சரளி வரிசை இழு, மூன்று நிமிஷம். குரல்நாணுக்கு இதைவிட அடக்கமான பயிற்சி இல்லை. நீண்ட கார்வையில், ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது, குரல் ஆடினால் அது மூச்சுக் குறை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது: வயசாகிவிட்டது, மெதுவாகப் பாடுவோம் என்று சௌக்க காலத்தில் இறங்குகிறார்கள். சௌக்கத்துக்குத்தான் மூச்சு அதிகம் வேண்டும். நடு வேகமான மத்யம காலத்தில் உள்ளதை எடு, அடிக்கு நடுவிலும் வெட்கப்படாமல் மூச்சு விடு. வீணையில் கை திரும்புவதற்கு தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் நல்லவை. சங்கராபரணம், கமகம் இல்லாத சின்னச் சின்னப் பாட்டுகள், பாடிக்கொண்டே வாசிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வறட்டு இருமல் என்றாயே, சில வகை மாத்திரைக்கு அது தெரிந்த பக்கவிளைவு. டாக்டரிடம் சொல், மாற்றிக் கொடுப்பார். நீயாக நிறுத்தாதே.

காதைப் பற்றியும் சொல்லவேண்டும். வயசில் முதலில் போவது மேல் ஒலி. ஹெச்சு சாரணி கேட்கவில்லை என்று சுண்டு விரலால் ஓங்கி அடிப்பார்கள், எதிரில் இருப்பவருக்கு அது மட்டும்தான் கேட்கும். எப்போதாவது செவிக்கருவி வாங்க நேர்ந்தால், இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுத் தரச் சொல். சாதாரண அமைப்பில் அந்தக் கருவி நீண்டு நிற்கும் ஸ்வரத்தை விசில் சத்தம் என்று எண்ணி அடக்கப் பார்க்கும். ஜூம் வகுப்பிலும் இதே கூத்து, தம்புராவை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டு உட்கார். இணையத்தில் ஒலி தாமதமாக வருவதால் டீச்சரோடு சேர்ந்து வாசிக்க முயலாதே, அவர் வாசித்தபின் நீ.

மாப்பிள்ளைக்கும் ஏதாவது கற்க ஆசை என்றால் ஆர்மோனியம். சுருதி சேர்க்க வேண்டாம், விரல் காய்க்காது. கமகம் பேசாது, அதனால்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940 முதல் 1971 வரை அதை உள்ளேயே விடவில்லை. சனிக்கிழமை பஜனைக்கு அது தாராளம்.

க்ளீவ்லாந்து உங்களுக்குக் காரில் போகிற தூரம்தான். 1978 முதல் அங்கே தியாகராஜ ஆராதனை நடக்கிறது, பஞ்சரத்னம் பாட யார் வேண்டுமானாலும் கூட்டத்தோடு உட்காரலாம். அங்கே சுருதி உன்னுடையதாக இருக்காது. தார ஸ்தாயி எட்டவில்லை என்றால் கத்தாமல் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள். அரங்கேற்றம், மேடை என்று யாராவது ஏற்பாடு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாரணியைத் திறந்து மீட்டி, பிறகு 7, 12 மெட்டுகளை மீட்டி வாட்ஸாப்பில் அனுப்பு. கூடவே குதிரையைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அனுப்பு. அதைக் கேட்டபிறகுதான் எந்த கேஜ் கம்பி வாங்குவது என்று சொல்ல முடியும். உன் அத்தை மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், இரண்டு செட் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா